வலிக்கிற பக்கம் மட்டும்

என் அண்ணனை நான் ‘அவன்’ என்பேன். அண்ணியை ‘அவர்’ என்பேன். இரண்டு பேரில் அண்ணிதான் வயதில் சின்னவர். ஆனால் மரியாதை வயதைப் பார்த்து வருவதில்லை, வேலையைப் பார்த்து வருவது என்பது என் கட்சி. அண்ணன் ரொட்டிக் கடையில் அடுப்படியில் நிற்கிறான். நல்லவன்தான், கையில் வேலையும் இருக்கிறது. ஆனாலும் அவன் செய்வதெல்லாம் சாயங்காலத்துக்குள் தின்று தீர்ந்துவிடும். அண்ணி செய்வதன்மேல் ஊரே வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்கும்.

அண்ணி சீட் தைப்பவர். பைக் சீட், பஸ் டிரைவர் சீட், சலூன் நாற்காலி, பல் டாக்டரின் சாய்வு நாற்காலி என்று மனிதர் உட்காரக்கூடியது எதுவானாலும் எங்கள் கடைக்கு வரும். தெருவில் அவருக்குச் சீட்டம்மா என்றே பெயர். கடையின் பின்பக்கம் ஃபோமும் ரெக்சினும் பசை வாடையும் அவருடைய ராஜ்ஜியம். முன்பக்கம் என்னுடையது. வருகிறவர்களிடம் பேசுவதும், ‘நாளைக்கே வேணும்’ என்கிறவர்களைத் திட்டி அனுப்புவதும் நான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று வீட்டில் சொல்வார்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று நானும் பதில் சொல்லியாகிவிட்டது.

எங்கள் தொழிலில் சீட் உறைக்கு முழு அளவு அட்டை கிடையாது, பாதி அட்டைதான். ரெக்சினின் நடுவில் ஒரு கோடு போட்டு, அட்டையை வைத்து ஒரு பக்கம் வரைந்து, அதையே புரட்டி வைத்து மறுபக்கம் வரைய வேண்டும். இடமும் வலமும் அச்சு அசலாக இருக்கும். அண்ணிக்கு அதில் நூலிழை பிசகினாலும் ஆகாது. ஒரு முறை பஸ் டிரைவர் ஒருவர் சீட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு கிளம்பியே விட்டார். அண்ணி பின்னாலேயே ஓடிப்போய்ப் பிடுங்கி வந்தார். இடது பக்க ஓரம் சற்றுப் புடைத்துவிட்டதாம்.

“யாரும்மா பாக்கப்போறா? நான்தானே உக்காரப்போறேன்?” என்றார் டிரைவர்.

“நான் பாத்துட்டேனே,” என்று சொல்லிவிட்டு அண்ணி முழுசையும் பிரித்தார். டிரைவர் அன்றைக்கு எங்கள் வாசலில் உட்கார்ந்து என் அரட்டையைக் கேட்கும்படி ஆயிற்று, பாவம்.

இப்படிப்பட்டவர் சில மாதங்களாக ஒழுங்காக உட்காராமல் இருந்ததை நான்தான் முதலில் கவனித்தேன். மெஷின் முன்னால் ஒரு தொடையில் மட்டும் உட்காருவார். கொஞ்ச நேரத்தில் எழுந்து நின்றுகொள்வார். ஃபோம் வாங்கச் சைக்கிளில் பறக்கிறவர், சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய்த் தள்ளிக்கொண்டே வந்தார்.

“என்ன அண்ணி, சைக்கிளை நாய்க்குட்டி மாதிரி வாக்கிங் கூட்டிட்டுப் போறீங்க?” என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, “வர்ற வெள்ளிக்கிழமை ஒரு சின்ன ஆபரேஷன் இருக்கு. நீ கூட வரணும்,” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. “ஆபரேஷனா? எங்க?”

“ஆஸ்பத்திரி மாதிரி ஒரு இடத்துலதான்.”

“அண்ணி, உடம்புல எங்கன்னு கேட்டேன்.”

“அங்க.”

“அங்கன்னா? வயித்துலயா?”

“கீழ.”

“முட்டியிலயா?”

“மேல.”

மேலே என்றால் கீழே என்கிறார், கீழே என்றால் மேலே என்கிறார். கடையில் எங்கள் இருவரைத் தவிர ஈ காக்கை இல்லை. அப்படியும் அண்ணி கதவைச் சாத்திவிட்டு வந்து, என் காதில் சொன்னார். பெண்ணுறுப்பின் உள்ளே இரண்டு பக்கமும் இதழ் போல மடிப்பு இருக்கிறதல்லவா, அதில் தனக்கு இடது பக்கம் நீளமாம். வெளியே நீட்டிக்கொண்டு உராய்கிறதாம். எரிகிறதாம். சைக்கிள் ஏறினால் உயிர் போகிறதாம்.

“பாக்கவும் நல்லா இல்லடி. ரெண்டு பக்கமும் வெட்டிச் சமமா ஆக்கிடுறாங்களாம். லேபியாபிளாஸ்டின்னு பேரு.”

உராய்வதும் எரிவதும் எனக்குப் புரிந்தது. ‘பாக்கவும் நல்லா இல்ல’ என்றதுதான் என்னைச் சுட்டது. யார் பார்த்து யார் சொன்னது? பார்க்கக்கூடிய ஆள் அந்த வீட்டில் ஒருத்தன்தான். செருப்பை மாட்டினேன், நேராக ரொட்டிக் கடைக்குப் போனேன்.

அண்ணன் முழங்கை வரை மாவோடு நின்றிருந்தான். “அண்ணிகிட்ட என்ன குறை சொன்னே?” என்றேன்.

“நானா? போன வாரம் சட்டையில பட்டன் இல்லன்னு சொன்னேன்.”

“அது இல்ல.”

“குறட்டை விடுறான்னு சொன்னேனா? ஆனா அவளும்தான் என்னைச் சொல்றா.”

பொறுமையிழந்து, விஷயத்தை ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அடுப்புச் சூட்டில் ஏற்கெனவே சிவந்திருந்த முகம் இன்னும் சிவந்தது. “சத்தியமா நான் ஒரு வார்த்தை சொன்னதில்ல!” என்றவன், கோபத்தில் குரலை உயர்த்திவிட்டான். “நல்லாத்தானே இருக்கு!”

முன்பக்கம் ரொட்டி வாங்கிக்கொண்டிருந்த பெரியவர், “ஆமாப்பா, எப்பவும் போல நல்லாத்தான் இருக்கு,” என்று அவனுக்கு ஆறுதல் சொன்னார். அண்ணன் மாவு மூட்டைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். பொய் சொல்லும்போது அவனுக்கு மூக்கு வியர்க்கும். அன்றைக்கு வியர்க்கவில்லை. சந்தேகப்பட்டதற்கு மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, வாயால் கேட்காமல் திரும்பி வந்தேன்.

ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்று, வெள்ளிக்கிழமைக்கு முன்னாலேயே அண்ணியை இழுத்துக்கொண்டு அந்த இடத்தைப் பார்க்கப் போனேன். ஆஸ்பத்திரி இல்லை, அழகு மையம். முடி நட, முகச் சுருக்கம் நீக்க, இதற்கும் சேர்த்து ஒரே வாசல். வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் எங்களை உட்காரவைத்து, “மத்தியானம் வந்தா சாயங்காலம் போயிடலாம். மறுநாளே வேலைக்குப் போகலாம்,” என்று பாடம் ஒப்பித்தாள்.

“கத்தி வைக்கப்போறது யாரு?” என்றேன்.

“எங்க டாக்டர்.”

“என்ன டாக்டர்?”

“சீனியர் டாக்டர்.”

“பொம்பளைங்க டாக்டரா, பிளாஸ்டிக் சர்ஜனா?”

“அவர் எல்லாமே பாப்பார் மேடம்.”

“இந்த ஆபரேஷன் எத்தனை பண்ணியிருக்கார்?”

“நிறைய.”

“ஏதாவது தப்பாப் போனா?”

“போகாது மேடம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பைக் சீட்டுக்கே ‘தப்பாப் போகாது’ என்று நாங்கள் எழுதிக் கொடுத்ததில்லை. அண்ணியோ என்னைக் கவனிக்கவே இல்லை. சுவரிலிருந்த ‘முன்பு, பின்பு’ படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘பின்பு’ படத்தில் இரண்டு பக்கமும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றாக இருந்தன.

தெருவுக்கு வந்ததும், “பாத்தியா, துளி பிசகாம வெட்டியிருக்காங்க,” என்றார் ஆசையோடு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனுஷி தன் உடம்பின்மேல் பாதி அட்டையை வைத்துப் பார்த்திருக்கிறார். புரட்டி வைத்தபோது பொருந்தவில்லை. உடனே பிரிக்கக் கிளம்பிவிட்டார்.

“அஞ்சு விரலும் ஒண்ணாவா இருக்கு அண்ணி?”

“விரல் ஒண்ணோட ஒண்ணு உராயலையே,” என்றார் அவர். என் வாயையே அடைக்கிற ஆள் இந்த ஊரில் அவர் ஒருவர்தான்.

வேறு வழியில்லாமல் பேரத்தில் இறங்கினேன். ஒரு பஸ் சீட் தைக்கவே ஆட்கள் நாலு கடையில் விசாரித்துவிட்டுத்தான் நம்மிடம் வருகிறார்கள், உடம்புக்கு இரண்டு இடத்தில் கேட்டால் என்ன குறைந்துபோகும் என்றேன். நியாயம் என்று பட்டால் அண்ணி ஒத்துக்கொள்வார். வெள்ளிக்கிழமையைத் தள்ளிவைத்துவிட்டு, பெரிய ஆஸ்பத்திரியில் பெண்கள் டாக்டரைப் பார்க்கப் போனோம்.

டாக்டர் நெடுநெடுவென்று உயரம், கண்ணாடி நெற்றியில் ஏறியிருந்தது. திரைக்குப் பின்னால் அண்ணியைப் படுக்கவைத்துப் பரிசோதித்தார். திரைக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்ட முதல் பேச்சு அண்ணியுடையது: “டாக்டர், உங்க பெட்ல ரெக்சின் கிழிஞ்சிருக்கே?”

“அது கிடக்கட்டும், நீங்க காலைத் தளர்த்துங்க.”

எப்போதிருந்து வலி, எப்போது அதிகம், அரிப்பு உண்டா, வெள்ளைப்படுதல் உண்டா, தோலில் வேறு எங்காவது மாற்றம் உண்டா என்று நிதானமாகக் கேட்டார். பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். “வேற நோய் எதுவும் இல்ல. உராய்ஞ்சு சிவந்திருக்கு, அவ்வளவுதான். மத்தபடி உங்க அமைப்பு இயல்பானது.”

“இயல்பா?” அண்ணிக்குக் கோபமே வந்துவிட்டது. “ரெண்டும் ரெண்டு அளவு டாக்டர்!”

டாக்டர் மேஜையிலிருந்து ஒரு படத்தாளை எடுத்து நீட்டினார். பல பெண்களின் அமைப்பைக் கோட்டோவியமாக வரைந்திருந்தது. ஒன்று சின்னது, ஒன்று பெரிது, ஒன்று சுருங்கியது, ஒன்று ஒருபக்கம் நீண்டது. ஒன்றைப்போல ஒன்று இல்லை. அண்ணி ரெக்சின் சாம்பிள் பார்ப்பதுபோல் தாளைத் தூரத்தில் பிடித்தும் கிட்டத்தில் பிடித்தும் பார்த்தார்.

“இதுல எது சரியான அளவு?”

“எல்லாம்தான்.”

“இது என்னை மாதிரி இருக்கு,” என்று ஒரு படத்தில் விரலை வைத்தார். “இப்படி வேற யாருக்காவது இருக்கா?”

“நிறைய பேருக்கு இருக்கு. யாரும் யாருக்கும் காட்டிக்கிறதில்ல, அதனால தெரியறதில்ல.”

அண்ணியின் விரல் அந்தப் படத்தைவிட்டு நகரவில்லை. மெல்ல அழ ஆரம்பித்தார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. ஊசி விரலில் ஏறியபோதுகூட ஊசியைத்தான் திட்டினார்.

மகள் பிறந்த அன்று பிரசவ அறையில் வேலை செய்த ஒரு அம்மாள், பக்கத்தில் நின்றவளிடம், “இங்க பாரேன், எப்படித் தொங்குது,” என்று சொல்லிச் சிரித்தாளாம். “வலியில கத்திக்கிட்டு இருந்தேன் டாக்டர். ஆனாலும் அது காதுல விழுந்துச்சு. அதுக்கப்புறம் விளக்கைப் போட்டுக்கிட்டு நான் அவர் பக்கத்துல படுத்ததே இல்ல.”

மகள் இப்போது வெளியூரில் வேலை பார்க்கிறாள். அத்தனை வருஷமும் என் அண்ணி இதை மனசில் வைத்துக்கொண்டு, வெளியே பஸ் டிரைவர் ஜோக்குக்கெல்லாம் சிரித்திருக்கிறார். அந்த அம்மாள் கையில் கிடைத்திருந்தால் என் முழு வாயையும் அவளுக்கே செலவழித்திருப்பேன்.

டாக்டர் அவசரப்படுத்தவில்லை. அழுகை ஓய்ந்ததும், “வலி வேற, அந்தம்மா சொன்னது வேற. ஆபரேஷன் வலிக்குத்தான். அவங்க சொன்னதை என்னால வெட்டி எடுக்க முடியாது,” என்றார். அப்புறம் கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு, “சரி, வலியைப் பாப்போம். நாள் பூரா எதுல உக்கார்றீங்க? என்ன உடுத்துறீங்க?” என்று கேட்டார்.

நான் ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் சிரித்துவிட்டேன். ஊருக்கெல்லாம் பஞ்சு வைத்துத் தைக்கிற சீட்டம்மா உட்காருவது ஒரு மொட்டைப் பலகை முக்காலி. ஊசி குத்தக்கூடாது என்று போடுவது இறுக்கமான தடித்த ஜீன்ஸ். அதில் நாலு துணியும் சேர்ந்து முடிச்சுப்போல் ஒரு தையல் வருமே, அது சரியாக எங்கே வருகிறது? எடை விழுகிற இடத்தில் தையல் வரக்கூடாது என்பது எங்கள் கடையின் முதல் விதி. அண்ணி குனிந்து தன் ஜீன்ஸைப் பார்த்தார். ஊருக்குத்தான் உபதேசம் என்பது அவருக்கே புரிந்துவிட்டது.

“சொல்லாதே,” என்றார் என்னிடம். நான் இன்னும் வாயே திறக்கவில்லை.

தளர்ந்த பருத்தி உடை, மெத்தென்ற இருக்கை, உராயாமலிருக்க ஒரு களிம்பு, வாசனை சோப்பு கிடையாது, வெறும் தண்ணீர். சில மாதம் இப்படி இருந்து பாருங்கள் என்றார் டாக்டர். “அதுக்கும் மேல வலிச்சா வாங்க. ஆபரேஷன் பண்ணிக்கிறது ஒண்ணும் தப்பில்ல. ஆனா உங்களுக்காகப் பண்ணிக்கணும். படத்துக்காகவோ வீட்டுக்காரருக்காகவோ இல்ல.”

“வீட்டுக்காரர் நல்லாத்தான் இருக்குன்னு சொல்றார் டாக்டர்,” என்றேன் நான். “கடை பூரா கேக்குற மாதிரி சொன்னார்.” அண்ணி என் தொடையில் கிள்ளினார்.

அண்ணி முக்காலிக்கு ஃபோம் வைத்து, நடுவில் நீளவாக்கில் ஒரு பள்ளம் விட்டுத் தைத்தார். சைக்கிள் சீட்டுக்கும் அதே பள்ளம். ஜீன்ஸ், பசை துடைக்கும் துணியாக மாறியது. முக்கால்வாசி எரிச்சல் போயே போய்விட்டது. நான் வெற்றிக்கொடி நாட்டி, ஆபரேஷனே வேண்டாம் என்று நாலு பேரிடம் பேசவும் ஆரம்பித்தேன். ஆனால் மிச்சக் கால்வாசி போகவில்லை. சைக்கிளில் கொஞ்ச தூரம் போனாலே இடது பக்கம் மடங்கி மாட்டிக்கொண்டு புண்ணானது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் அண்ணி சொன்னார்: “நீ ஜெயிச்சுட்டேன்னு நான் வலியோட இருக்க முடியாதுடி.” எனக்கு முகம் சுண்டிவிட்டது. அவர் சொன்னதில் தப்பே இல்லை.

இந்த முறை அண்ணனும் வந்தான். தொடைகளுக்கு நடுவில் கையைச் செருகிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டவன் போல உட்கார்ந்திருந்தான். டாக்டர் எதையும் மூடி மறைக்கவில்லை. ரத்தக்கசிவு வரலாம், சீழ் பிடிக்கலாம், தையல் விட்டுப்போகலாம், தழும்பு வலிக்கலாம், உணர்ச்சி குறையலாம் அல்லது கூசலாம். முதல் சில நாள் வீங்கிப் பயமுறுத்தும், முழுசாக வடிவத்துக்கு வர மாதக்கணக்கில் ஆகும். இவ்வளவும் செய்து வலி முழுசாகப் போகாமலும் இருக்கலாம். இந்த ஆபரேஷனைத் தான் அடிக்கடி செய்வதாகவும், அப்படியும் சிலருக்கு இந்தத் தொல்லைகள் வந்திருப்பதாகவும் அவரே சொன்னார். அழகு மையத்துப் பெண்ணை நினைத்துக்கொண்டேன்.

“நான் குறைச்சுத்தான் எடுப்பேன். கூடுதலா எடுத்துட்டா திரும்ப ஒட்டவைக்க முடியாது.”

“வெட்டுனா வெட்டுனதுதான்,” என்று அண்ணி தலையாட்டினார். அந்த விஷயத்தில் இருவரும் ஒரே தொழில்.

“ஆறு வாரத்துக்குச் சைக்கிள் கூடாது. தாம்பத்யமும் கூடாது,” என்று டாக்டர் அண்ணனைப் பார்த்துச் சொன்னார்.

அண்ணன் தொண்டையைச் செருமினான். “சைக்கிளை நான் ஓட்டிக்கிறேன் டாக்டர்,” என்றான்.

எல்லோரும் சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டோம். டாக்டர்தான் முதலில் தோற்றார். சிரித்து முடித்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, அண்ணியிடம் கடைசியாக ஒன்று கேட்டார். “வலது பக்கமும் கொஞ்சம் எடுத்தா, ஏறக்குறைய ரெண்டும் சமமா வரும். சிலபேர் அப்படிக் கேப்பாங்க. உங்க இஷ்டம்தான். என்ன பண்ணலாம்?”

இதற்கு அண்ணி என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். ஓடுகிற டிரைவரைத் துரத்திப் பிடித்துச் சீட்டைப் பிரித்தவர். இப்போதும் அந்தப் பிரசவ அறைச் சிரிப்புதான் அவருக்குப் பதிலாகப் பேசப்போகிறதா? அண்ணி சுண்ணாம்புக்கட்டி பிடிக்கிற விரல்களால் மேஜைமேல் ஒரு கோடு இழுத்தார், இன்னொரு கோடு இழுத்தார்.

“வலது பக்கம் வலிக்கலையே டாக்டர்.”

“இல்லதான்.”

“அப்ப அதை ஏன் தொடணும்? வலிக்கிற பக்கம் மட்டும் போதும்.”

“அப்புறமும் ரெண்டும் ஒண்ணா இருக்காதும்மா.”

“இருக்க வேணாம்,” என்றார் அண்ணி. “அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

நான் மூக்கைச் சிந்தினேன். அண்ணன் தன் கையை அண்ணியின் கைமேல் வைத்தான். நகக்கண்ணில் மாவு இருந்தது.

ஆபரேஷன் சின்னதுதான், ஆனால் அதற்குப் பிறகான நாட்கள் சின்னதாக இல்லை. வீக்கத்தைப் பார்த்து அண்ணி பயந்து, நான் அதைவிடப் பயந்து, ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டோம். ஓரத்தில் தையல் கொஞ்சம் விட்டும் போயிற்று. டாக்டர் பார்த்துவிட்டு, தானாக ஆறட்டும் என்றார், ஆறியது. துணியில் சுற்றிய ஐஸ், படுக்கை, மறுபடி ஐஸ். அண்ணன் சமையலையும் துணி துவைப்பதையும் எடுத்துக்கொண்டான், சொன்னபடி சைக்கிளையும் ஓட்டினான். கடையின் பின்பக்கம் என் தலையில் விழுந்தது.

அண்ணி திரும்பி வந்த அன்று, பள்ளம் வைத்த முக்காலியில் இரண்டு தொடையும் படிய, சம்மணம் போடாத குறையாக நன்றாக உட்கார்ந்தார். எழவில்லை, நெளியவில்லை, ஒருபக்கம் சாயவில்லை. நான் மூலையில் ரெக்சின் சுருளை அடுக்குவது போலத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

“இது யார் தைச்சது?” என்ற குரல் கேட்டது.

சலூன்காரருக்காக நான் தைத்து வைத்திருந்த நாற்காலி உறை. இடது பக்க ஓரம் புடைத்திருந்தது. சலூன்காரரே வந்து பார்த்து, “பரவால்லக்கா, யார் பாக்கப்போறா?” என்று சொல்லிவிட்டார். அதை அண்ணியிடம் சொன்னேன். பிடித்துக்கொள்ள நல்ல கிளை கிடைத்ததென்று, “நீங்கதானே அண்ணி சொன்னீங்க, ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்க வேணாம்னு? அது பாட்டுக்கு இருக்கட்டும்னு?” என்றும் மடக்கினேன்.

அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் தையல் பிரிக்கிற பிளேடை எடுத்து என் கையில் வைத்தார்.

“நான் அப்படிப் பொறந்தேன். இது நீ தைச்சது. பிரி.”

பிரித்தேன்.